உத்திரமேரூர்ப் பக்கம் வெட்டிவேர் காய்ச்சியபோது

வெட்டிவேர் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கடையில் யாராவது கேட்டால், "இந்தியா" என்று சொல்லிவிட்டு மளமளவென்று பில்லைப் போட்டுவிடுவேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. மலேசியாவில், கிள்ளானில் என் வாசனை எண்ணெய்க் கடை அலமாரியில் குப்பிகள் நாடு நாடாக நிற்கும். லாவெண்டர் பிரான்ஸ், தைலமரம் ஆஸ்திரேலியா, கெனாங்கா பூ பக்கத்து இந்தோனேசியா, வெட்டிவேர் இந்தியா. தூக்கம் வராமல் மாதாமாதம் வெட்டிவேர்க் குப்பி வாங்கிப்போகும் ஒரு சீன அம்மா, "இந்தியா என்ன ஒரே தெருவா? யார் வீட்டில் காய்ச்சியது?" என்று மலாய் மொழியில் கேட்டபோது குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வரவேண்டியிருந்தது. வந்த இடத்தில் எண்ணெய் வாங்கி விற்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். உத்திரமேரூர்ப் பக்கம் எஸ்தர் என்று ஒரு பெண், இத்தனை வருடம் எலுமிச்சம்புல் காய்ச்சியவள், இந்த வாரம் முதல் தடவையாக வெட்டிவேர் காய்ச்சப் போகிறாள், கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். கல்யாணப் பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வாலாஜாபாத்தில் பஸ் மாறினேன். மாறினேன் என்றால், ஒன்றிலிருந்து இறங்கி, ஏற்கனவே நகர்ந்துவிட்ட இன்னொன்றின் பின்னால் என் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் இரண்டு தென்னங்கன்றுகளை வைத்திருந்தார். வழியெல்லாம் அவற்றின் ஓலை என் காதைக் குடைந்துகொண்டே வந்தது. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பாதி வழியில் பஸ் நின்றது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரில் லாரி. டிரைவர் ஹாரன் அடிக்க, நெல்லுக்குக் காவலிருந்த பெண் எழுந்திருக்கவே இல்லை. "ரோடு என்ன உங்க களமா?" என்று டிரைவர் கத்தியதற்கு, "பின்ன இன்னா, உன் வூட்டு ஹாலா?" என்று பதில் வந்தது. பஸ்ஸே சிரித்தது. கிள்ளானில் ரோட்டில் ஒரு பக்கெட் வைத்தால்கூட நகராட்சி ஆள் வந்து நிற்பான். இங்கே லாரிதான் பின்வாங்கியது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

உத்திரமேரூரில் லாட்ஜில் சாவி கொடுத்தவர், டீக்கடைக்காரர், மருந்துக்கடைப் பையன் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டுக் கோயிலைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார்கள். வெட்டிவேருக்காக வந்தேன் என்றால் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மறுநாள் காலை நாஷ்டாவுக்கு இட்லியும் வடகறியும். கடலைப்பருப்பை அரைத்து, வேகவைத்து, உதிர்த்துப் போட்ட அந்த வடகறிக்காகவே இன்னொரு தடவை பஸ் பின்னால் ஓடலாம்.

எஸ்தரின் ஊர் செய்யாற்றுப் பக்கம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வழி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. காற்றே சொல்லிவிட்டது. எலுமிச்சம்புல் வாசனை. மலேசியாவில் நாங்கள் செராய் என்போம், மிளகாய்ச் சம்பாலிலும் கறியிலும் நசுக்கிப் போடுவோம். அந்த வாசனை வந்தால் எனக்கு உடனே பசிக்கும். காலனிக்கு வெளியே, பனைமரங்கள் தாண்டி, தகரக் கூரை போட்ட கொட்டகை. அந்த வாசனை அதன் சுவர், தூண், விறகு எல்லாவற்றிலும் ஊறிப்போயிருந்தது.

எஸ்தருக்கு நாற்பது வயதிருக்கும். சேலைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. கூட வேலை செய்பவள் தனம், அதே தெரு. ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் இன்னொருத்தி ஆடிமாதம் கோயிலுக்கும் போவார்கள், மற்றபடி இரட்டைப் பிறவிதான். இருவரும் சின்ன வயதிலிருந்து அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பட்டணத்துக்காரர் ஒருவர் புல் எண்ணெய் காய்ச்ச இந்தக் கொட்டகையைப் போட்டபோது அடுப்புக்கு வந்தார்கள். அவருக்குச் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனதும், டிரம்மும் குழாயும் துருப்பிடிக்கட்டும் என்று விடாமல் இவர்களே எடுத்து நடத்துகிறார்கள்.

புல் வெளியிலிருந்து விலைக்கு வரும். ஆனால் இந்த வெட்டிவேர் அவர்களே நட்டது. அதுதான் விஷயம். வரதன் என்கிற நிலத்துக்காரரிடம் ஆற்றோரத்து மணல் காணி ஒன்று சும்மா கிடந்தது. ஒரே ஒரு தடவை, எண்ணெயில் பாதி எனக்கு என்று பேசி, வாரத்துக்குக் கொடுத்திருந்தார். ஒன்றரை வருடம் காத்திருந்து இப்போது வேரைத் தோண்டியிருக்கிறார்கள்.

"பொறந்ததுலேந்து மண்ணுல கீறோம்க்கா. நம்ப பயிருன்னு சொல்லி ஒண்ணு வெச்சது இதான்" என்றாள் எஸ்தர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் கடையில் அத்தனை குப்பி இருக்கிறது, ஒன்றைக்கூட நான் அப்படிக் காட்டியதில்லை.

வேரை நிழலில் உலர்த்தி, வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள். கையில் அள்ளினால் செம்பட்டைத் தலைமுடி மாதிரி இருக்கிறது. புல்லுக்கும் வேருக்கும் வாசனையில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நான் கடையில் மேல் வாசனை, அடி வாசனை என்று படம் போட்டு விளக்குகிறவள். எஸ்தர் ஒரே வரியில் முடித்தாள். "புல்லு வாசன வந்துட்டு ஓடிப்பூடும். வேரு வாசன குந்திக்கினு பேசும்."

அங்கே யாரும் வாசனையைத் தனியாக ரசித்துக்கொண்டு உட்காருவதில்லை. வெட்டிவேர் குடிதண்ணீர்ப் பானையில் கிடக்கிறது, தேங்காயெண்ணெயில் ஊறுகிறது, வெயில் காலத்தில் தட்டியாகப் பின்னி ஜன்னலில் தொங்குகிறது. சளி என்றால் நொச்சி இலையில் ஆவி. கொசுவுக்கும் அதே நொச்சிப் புகை. குளிப்பாட்டிய குழந்தையின் தலை காய சாம்பிராணி. என் கடையில் ஒரு சொட்டு எண்ணெய் விட மெழுகுவர்த்தி, மெல்லிய பாட்டு, இருட்டு அறை எல்லாம் வேண்டும். இவர்களுக்குச் சமையலடுப்பை ஒட்டிய ஒரு கொடியடுப்பு போதும்.

மதியம் தனம் வீட்டில் சாப்பாடு. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. நான் சும்மா இருக்க மாட்டாமல் கொட்டகையிலிருந்து இரண்டு செராய்த் தண்டை எடுத்து வந்து நசுக்கி அதில் போட்டுவிட்டேன். தனம் மரியாதைக்கு முழுவதும் சாப்பிட்டாள். "நல்லாத்தான் கீதுக்கா. ஆனா சோப்பு துன்ன மாரி கீது" என்றாள். அவர்களுக்கு அது கொட்டகை வாசனை, எனக்கு அம்மா சமையல்கட்டு வாசனை.

டிரம்மில் வேரை அடைத்து அடுப்பு மூட்டும் நேரத்தில் வரதன் பைக்கில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரல் உயர்த்தாமல் பேசினார். எஸ்தர் நாற்காலியைத் துடைத்து வைத்தாள். அவர் கொட்டகைக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். சவுக்குக் கன்றுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், எண்ணெய் எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டு நிலத்தைப் பற்றி முடிவு சொல்வதாகவும் சொன்னார். சவுக்கு நட்டால் வருடக்கணக்கில் அந்த மண் பக்கம் இவர்கள் போகமுடியாது. தோண்டிய செடிகளின் தூரைக் கிள்ளி, அடுத்த நடவுக்கென்று ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தாள் எஸ்தர். வரதன் போனபின் அந்தச் சாக்கின்மேல் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

எலுமிச்சம்புல் சீக்கிரம் எண்ணெய் விட்டுவிடும். வெட்டிவேர் பிடிவாதக்காரி. ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபகல் என்று எரிக்க வேண்டும். நான் லாட்ஜுக்குப் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் காலை வந்தபோது, இருவரும் மாறி மாறிக் கண்விழித்து வேலிக்காத்தான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆவி குழாய்வழியாகத் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயுமாக ஒரு தகரக் கேனில் விழுகிறது. எண்ணெய் மேலே மிதக்கும். அதை மேல் குழாயில் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் அடிக்குழாய் வழியாக வெளியே வந்துவிடும். புல்லுக்கு இத்தனை வருடம் இப்படித்தான்.

வெளியே வரும் அந்தத் தண்ணீர்தான் எனக்கு அதிசயம். அதைக் கீழே விடுவதில்லை. புது சரக்கு எதைக் காய்ச்சினாலும் முதல் தண்ணீர் தெருவுக்கு என்று கொட்டகையில் ஒரு வழக்கம். அடிக்குழாய்க்குக் கீழே சிவப்பு, நீலம், பச்சை என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்கு முதலில், அப்புறம் படுக்கையில் இருப்பவர்களுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. தண்ணீர் அரிசி கழுவியதுபோல லேசாகக் கலங்கி, வாசனை ஆளைத் தூக்கியது. இதையே நாங்கள் சின்ன ஸ்பிரே குப்பியில் அடைத்து, முகத்துக்கு அடித்துக்கொள்ளுங்கள் என்று விற்கிறோம். இங்கே குடம் குடமாக இடுப்பில் போகிறது. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு குளிர்ந்துபோயிற்று.

எஸ்தர் ஒரு புதுக் குடத்தைத் தனியாகக் கழுவி நிரப்பி என்னிடம் கொண்டுவந்தாள். வரதன் வீட்டில் கொடுத்துவிட்டு வரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நீயே கொடுக்கலாமே என்றேன்.

"நான் குட்தா வாசல்ல வெச்சுட்டு வரணும்க்கா. வெச்சது வெச்ச எடத்துலயே கெடக்கும். காலனித் தண்ணி அவுங்க வூட்டுக்குள்ள போனதில்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு எதற்கு இது, தென்னைமரத்துக்கு ஊற்றவா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "மண்ணு அவுங்களுதுக்கா. மொத தண்ணி அவுங்களுக்குக் குடுக்காம எப்டி?" என்றாள். குடத்தை வாங்கிக்கொண்டேன். நான் வெளிநாட்டுக்காரி, யார் வீட்டுப் பெண் என்று இந்த ஊரில் எவருக்கும் தெரியாது, அதனால் என் இடுப்பில் போனால் வாங்கிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது லேசான காரியம் இல்லை. கிள்ளானில் நாங்கள் குழாயைத் திறந்து பழகியவர்கள். பாதி வழியிலேயே என் சேலை நனைந்து, எனக்கு முன்னால் என் வாசனை போனது. டிராக்டரில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

வரதன் வீட்டு வாசலில் அவர் மனைவி சுலோச்சனா வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, நாலு நாள் தூங்காத முகம். உள்ளே பச்சைக்குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு வந்த மகளின் குழந்தையாம். எங்கிருந்து தண்ணீர் என்றார். எஸ்தர் கொட்டகை, வெட்டிவேர்த் தண்ணீர், குழந்தைக்குக் குளிக்க ஊற்றலாம் என்றேன். அவர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்டி வெய்ங்க" என்று வெளியே துவைக்கிற கல்லைக் காட்டினார். வைத்தேன். எனக்கு மட்டும் வெள்ளி டம்ளரில் மோர் வந்தது. தாகத்தில் குடித்துத் தொலைத்துவிட்டேன்.

"வாங்கிக்கிட்டாங்க" என்றேன் எஸ்தரிடம்.

"உள்ளயா, வெளியவா?"

"வெளியே."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு, கேனின் மேல் குழாயைத் திறந்தார்கள். மஞ்சள் நிறத்தில் மெலிதாகக் கொஞ்சம் வந்தது. நின்றுவிட்டது. தனம் கேனைத் தட்டிப் பார்த்தாள். சாய்த்தாள். ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. இத்தனை வேருக்கு இதுவா?

எஸ்தர் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேரை அதிகம் கழுவிவிட்டோமோ என்றாள். இல்லை, அதிகம் காயவிட்டோம் என்றாள் தனம். மண் சரியில்லையோ, முன்னாலேயே தோண்டிவிட்டோமோ. இரண்டு பேரும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் போட்டி போட்டார்கள். நாளைக்கு வரதன் வந்து இந்த டம்ளரைப் பார்ப்பார், சவுக்குக் கன்று வண்டியில் வந்து இறங்கும். கடையில் எத்தனை பேருக்கு ஆறுதல் எண்ணெய் விற்றிருக்கிறேன், ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. டீயும் பொறை ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையில் சத்தம். காலனியில் கடைசி வீட்டுப் பாக்கியம் கையில் நீலக்குடத்தோடு நின்று தனத்தை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். "இன்னா தண்ணி குட்தீங்க? ராத்திரி வெச்சுட்டுக் காலைல பாத்தா அடில தாரு மாரி ஒட்டிக்கினு கீது. கொடத்த தேச்சி தேச்சி கையே பூட்ச்சி. ஒரே பேஜார்."

நான் குடத்துக்குள் விரலை விட்டேன். பழுப்பாக, கெட்டியாக, பாகுபோல ஒட்டியது. முகர்ந்தேன். புகையிலைக் கட்டு, வெல்லப்பானை, நனைந்த சாக்கு எல்லாம் சேர்ந்த வாசனை. இது பிசுக்கு இல்லையே! என் கடைக் கண்ணாடிக் கிண்ணம் ஞாபகம் வந்தது. தினமும் காலையில் அதில் தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவேன். லாவெண்டர் மிதக்கும், செராய் மிதக்கும். வெட்டிவேர்ச் சொட்டு பாதி மிதக்கும், பாதி அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், மண்டையில் உறைக்கவே இல்லை.

"எஸ்தர், வெட்டிவேர் எண்ணெய் எல்லாம் மிதக்காது. கனமானது அடிக்குப் போகும்" என்றேன்.

அவள் கேனைப் பார்த்தாள். அடிக்குழாயைப் பார்த்தாள். அப்புறம் காலனிப் பக்கம் பார்த்தாள். புல் காய்ச்சிய பழக்கத்தில், மிதந்ததைப் பிடித்துக்கொண்டு, நல்ல எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துத் தெருவெல்லாம் தானம் பண்ணியிருக்கிறார்கள். கலங்கலாகப் போன தண்ணீர் ராத்திரி முழுவதும் ஆடாமல் இருந்ததில் எண்ணெய் ஒவ்வொரு குடத்திலும் அடியில் இறங்கியிருக்கிறது. தனம் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒவ்வொரு வீடாகப் போய் வாங்கி வந்துவிடலாம், வரதன் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று தனம் கிளம்பினாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"குட்த தண்ணிய எப்டி திருப்பிக் கேக்குறது? புள்ள பெத்தவளுக்குன்னு சொல்லிக் குட்தோம். நெலம் போனா போவட்டும். நான் கேக்க மாட்டேன்."

தனம் கெஞ்சினாள், திட்டினாள். நானும் என் பங்குக்கு, இது வியாபாரம், தப்பு நடந்தால் திருத்திக்கொள்ள வேண்டும் என்று பெரிய மனுஷியாகப் பேசினேன். அவள் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து ஆத்திரம் வந்தது. என்னால் அப்படி நிற்க முடியாது என்பதும் அப்போதே தெரிந்தது.

இந்தக் கலவரத்தில் பாக்கியம் எப்போது போனாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. சண்டை போட வந்தவள் நீலக்குடத்தை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தெருவில் இறங்கி வீட்டுக்கு வீடு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பனைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து குடங்கள் வந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஒரு எவர்சில்வர் தவலை, மூடி போட்ட ஒரு பெயிண்ட் பக்கெட். குலுங்காமல், மெள்ள மெள்ள, சாமி ஊர்வலம் மாதிரி நடந்து வந்தார்கள்.

மேல் தண்ணீரில்தான் குளித்தோம், அடி அப்படியே இருக்கிறது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி முழுவதையும் வீடு துடைக்க ஊற்றிவிட்டதாகத் தலைகுனிந்தாள். அவள் வீட்டுத் தரை இனி ஒரு மாதம் மணக்கும், விடு என்றேன். பெரியவர் ஒருவர் மட்டும் அடியிலிருந்ததை முழங்காலில் தேய்த்துக்கொண்டாராம். காலைக் கேட்டால் கொண்டுவருகிறேன், எண்ணெயைக் கேட்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். எஸ்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேல் தண்ணீரை மெதுவாக வடித்து அவரவரிடம் கொடுத்தோம். பிள்ளை பெற்ற வீட்டுக்காரிகளை எஸ்தர் ஒரு குடம் கூடுதலாக எடுத்துப்போகச் சொன்னாள். அடியில் தங்கியதை எல்லாம் ஊறுகாய் ஜாடி ஒன்றில் வழித்தோம். ஜாடி ஏறியது. தேன் நிறம், தேனைவிடக் கெட்டி. முந்தின நாள் டம்ளரைப்போல நாலைந்து மடங்கு இருக்கும். எங்கள் மூவரின் கை, சேலை, தலை எல்லாம் ஒரே வாசனை. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வெட்டிவேரை நான் முகர்ந்ததில்லை. என் சீன அம்மாவுக்கென்று ஒரு சின்னக் குப்பியில் அப்போதே பிடித்துக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வரதனின் பைக் வந்தது. பின்னால் சுலோச்சனா. மடியில் எஸ்தர் கழுவிக் கொடுத்த அந்தப் புதுக் குடம். குடத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், தண்ணீர் தென்னைமரத்துக்குப் போயிருக்கும் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

வரதன் வேப்பமரத்தடியில் நின்றார். அவர் மனைவி நிற்கவில்லை. கணவரைத் தாண்டி, கொட்டகைக்குள் வந்து, குடத்தை எஸ்தரின் கையில் கொடுத்தார். எஸ்தர் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி.

"ஒரு சொட்டு இல்ல" என்றார் சுலோச்சனா. "சாயங்காலம் கொயந்த அடங்கவே இல்ல. உள்ள எட்துனு போயி வெந்நீரோட ஊத்தி ஊத்தி எடுத்தேன். அடில கெடந்த பிசுக்க பொண்ணு தலைல தடவுனேன். அவளும் தூங்குனா, கொயந்தயும் தூங்குச்சி. வூடே தூங்குச்சி, எஸ்தரு."

எண்ணெய் குறைந்தபோதும், தனம் கெஞ்சியபோதும் அழாத எஸ்தர், காலிக் குடத்தை வைத்துக்கொண்டு பொலபொலவென்று அழுதாள். ஜாடியில் ஏறியதைவிட இந்தக் குடத்தில் இல்லாமல் போனதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. முந்தின நாள் நான் மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் அங்கேயே விழுங்கினேன்.

வரதன் வெளியிலிருந்தே எண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். தனம் ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். அவர் சவுக்கு என்று ஏதோ ஆரம்பித்தார். சுலோச்சனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த தண்ணி எப்போ?" என்று எஸ்தரைக் கேட்டார்.

"இப்ப நட்டா ஒன்றர வருசம் ஆவும்மா. நெலம் இருந்தா."

"அப்ப நடு. கொயந்த அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுடுவா. அவளே வந்து வாங்கிக்குவா."

வரதன் சவுக்குப் பேச்சை விட்டுவிட்டு பைக்கைத் திருப்பினார். வெயில் தாழ்ந்ததும் நடவுக்கு ஈரச்சாக்கைப் பிரித்தோம்.